8.2 நல்லமா, 148 கூடாதா? வீட்டில் பார்க்கும் சீனி அளவை வாசிப்பது பற்றி

தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 49. மூன்று கிழமைக்கு முன் திருகோணமலை டவுனுக்கு வந்து இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தம் என்று சொல்லி, மெற்போமின் குளிசை கொடுத்து, அடுத்த மாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றில் 139, எச்பிஏ1சி (முந்திய இரண்டு மூன்று மாதத்தின் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 7.9 வீதம். லண்டனில் இருக்கும் மகன் உடனே சீனி பார்க்கும் மீற்றர் ஒன்று அனுப்பிவிட்டார். மிச்சத்தை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்:

"ஒரு நாளைக்கு ஆறேழு தரம் குத்துகிறேன் அண்ணை. விடிய 8.2 காட்டுது. முதல் நாள் படுக்கும்போது 6.7 தான் இருந்தது. இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லையே, எப்படி ஏறினது? ஒரே விரலில் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு தரம் பார்த்தால் 9.1, பிறகு 8.4. மகன் '8 தானே அம்மா, நல்லம்' என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா 139 என்றதும் வாயில் கை வைக்கிறா. எதை நம்புகிறது?"

தங்கச்சி, நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை செய்தவன். பதினொரு வருடமாக எனக்கும் சீனி. நீங்கள் கேட்ட ஒவ்வொன்றையும் நானும் ஒருநாள் யாரிடமோ கேட்டிருக்கிறேன்.

முதலில் மகனையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சமாதானம் பண்ணிவிடுவோம். இரண்டு பேரும் சொல்வது ஏறக்குறைய ஒரே அளவுதான். இங்கே ஆஸ்பத்திரியிலும் லாப்பிலும் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். இங்கிலாந்திலும் கனடாவிலும் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறார்கள். அங்கே விற்கும் மீற்றர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கை மட்டும்தான் காட்டும், மாற்ற முடியாது. மாற்றுவதற்கு 18ஆல் பெருக்குங்கள். 8.2 என்றால் 148. 6.7 என்றால் 121. கொப்பியின் முன்பக்கத்தில் 5 = 90, 7 = 126, 10 = 180, 15 = 270 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், போதும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "சீனி 15" என்று மட்டும் சொல்லி யாரையும் குழப்பாதீர்கள். 15 மில்லிகிராமில் ஒருவர் எழுந்து நின்று பேசவே முடியாது.

அடுத்தது 9.1, 8.4. உங்கள் மீற்றர் பழுதில்லை. விரலில் குத்திப் பார்க்கும் மீற்றர்களுக்குச் சர்வதேச அளவில் ஒரு தரம் இருக்கிறது. அதன்படி 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூறு தரம் பார்த்தால் தொண்ணூற்றைந்து தரமாவது லாப் காட்டும் அளவிலிருந்து 15 வீதத்துக்குள் இருந்தால் சரி. 100க்குக் கீழே 15 மில்லிகிராம் அங்காலே இங்காலே இருக்கலாம். அப்படியென்றால் உண்மையான அளவு 150 ஆக இருக்கும்போது 130 காட்டினாலும் 170 காட்டினாலும் மீற்றர் தன் வேலையைச் செய்திருக்கிறது. உங்கள் 9.1க்கும் 8.4க்கும் உள்ள வித்தியாசம் 13 மில்லிகிராம்தான். 139ஐயும் 148ஐயும் வைத்து "குளிசை போட்டும் ஏறிவிட்டது" என்று கவலைப்படுவதற்கும் இடமில்லை.

இதில் ஒரு லாப்காரன் சொல்ல வேண்டியதும் உண்டு. குழாயில் எடுத்த இரத்தம் சும்மா இருக்காது. அதற்குள் இருக்கும் இரத்த அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். மருந்து போடாத குழாயில், அறை வெப்பத்தில், மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் ஃப்ளூரைட் போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய் பாவிக்கிறோம். அந்த மருந்துகூட முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முழுதாகத் தடுக்காது. ஆகவே லாப் அளவு என்பதும் கல்லில் வெட்டியதல்ல. இன்னுமொன்று: சாப்பிட்ட பிறகு விரல் நுனி இரத்தத்தில் சீனி, கையில் நாளத்திலிருந்து எடுக்கும் இரத்தத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். வெறும் வயிற்றில்தான் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மீற்றரையும் லாப்பையும் ஒப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆனால் உண்மையிலேயே பிழையான அளவு வருவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் நம்முடைய கைதான். ஒரு வைகாசி மாதம், பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல், நல்ல பிள்ளையாகப் போய்க் குத்திப் பார்த்தேன். 268! நெஞ்சு ஒருக்கால் நின்றுபோனது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "கையைக் கழுவினீங்களா?" என்றார். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 141. இத்தனை வருடம் லாப்பில் இருந்தவனுக்கு இந்தப் பாடத்தைக் குசினியில்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. சவர்க்காரமும் தண்ணீரும் போதும், ஆனால் கை காய வேண்டும். ஈரம் இருந்தால் இரத்தம் கரைந்து அளவு குறையும். ஸ்பிரிட் பஞ்சு பாவித்தாலும் அது காயும் வரை பொறுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், நோவு குறைவு. இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்து பிழியக் கூடாது. கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டால் தானாக வரும்.

இரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்களையும் கவனியுங்கள். நம்முடைய ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை வீட்டுக்குள் என்ன வெக்கை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான ஸ்ட்ரிப் போத்தல்களில் 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். யன்னல் ஓரமும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்தவுடன் ஈரம் பிடிக்கும். உள்ளறை அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லம். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை உடனே இறுக்குங்கள். திறந்த திகதியைப் போத்தலிலேயே பேனையால் எழுதுங்கள், திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது போத்தலில் போட்டிருக்கும். அப்புறம், அயலவர்கள் "எனக்கும் ஒருக்கால் பாருங்கோ" என்று வருவார்கள், நிச்சயம் வருவார்கள். உங்கள் குத்தும் பேனையை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். ஊசியை மாற்றினாலும் கொடுக்க வேண்டாம். ஈரல் அழற்சிக் கிருமி பரவ அவ்வளவு இரத்தம் தேவையில்லை.

இப்போது இரவில் ஏறிய சீனி. இதுதான் புதிதாக வருத்தம் வந்த எல்லோரையும் குழப்புவது. படுக்கும்போது 121, விடிய 148, இடையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியிலிருந்து வரவில்லையென்றால் உள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஈரல் ஒரு களஞ்சியம் மாதிரி. பகலில் சாப்பிட்டதில் மிஞ்சியதைச் சேர்த்து வைத்து, நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடும். விடியற்புறம் ஏறக்குறைய நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை, உடம்பை எழுப்புவதற்காகக் கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் கூடும். அவை ஈரலிடம் "இன்னும் கொஞ்சம் திற" என்று சொல்லும். சீனி இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது. ஆனால் அவர்களுடைய இன்சுலின் உடனே வந்து அடக்கிவிடும். நமக்கு இன்சுலின் இருந்தும் ஈரல் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே காலை அளவு முதல் நாள் இரவு நீங்கள் செய்த குற்றத்தின் தண்டனை அல்ல. மெற்போமின் முக்கியமாக வேலை செய்வதே இந்த ஈரலில்தான். அதுவும் குறைந்த அளவில் தொடங்கி மெல்லமெல்லக் கூட்டுவார்கள், மூன்று கிழமைக்குள் முழுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். காலை அளவைக் குறைக்க இரவுச் சாப்பாட்டை அடியோடு விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் குறைவதில்லை, பசியில் அடுத்த நாள் காலை இரண்டு மடங்கு சாப்பிடுவார்கள்.

சரி, எத்தனை இருந்தால் நல்லம்? கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் இலக்கு: சாப்பிட முன் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பின் 180க்குள், எச்பிஏ1சி 7 வீதத்துக்குள். வயது போனவர்களுக்கும் இருதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் டொக்டர் இதைத் தளர்த்துவார். கர்ப்பிணிகளுக்கு இறுக்குவார். உங்களுக்கு என்ன இலக்கு என்று அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் யாரும் ஏசமாட்டார்கள். சும்மா நின்றால் வரிசை நகர்ந்துவிடும்.

இனி நான் உங்கள் கேள்வியில் கவனித்த ஒன்று. நீங்கள் எழுதாமல் விட்டது. ஒரு நாளைக்கு ஆறேழு தரம் பார்ப்பதாகச் சொன்னீர்கள். நான் எப்போது எப்போது என்று திருப்பிக் கேட்டபோது எழும்பியதும், காலைச் சாப்பாட்டுக்கு முன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது, இடையில் பயம் வரும்போது என்று சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய அளவுகளைக் கூட்டிப் பிரித்தால் சராசரி 140க்குக் கிட்ட வருகிறது. எச்பிஏ1சி 7.9 என்பதைச் சராசரிச் சீனியாக மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது: 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழியுங்கள். 180 வரும். உங்கள் கொப்பி 140 என்கிறது, ரிப்போர்ட் 180 என்கிறது. மிச்சம் 40 எங்கே போனது?

ஒரு பகுதிக்கு விடை லேசு. எச்பிஏ1சி என்பது அதற்கு முந்திய இரண்டு மூன்று மாதத்தின் கதை. நீங்கள் குளிசை தொடங்க முன், தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்ட காலத்தின் கதை. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் எல்லாம் அதனால்தான் என்று நான் நம்பவில்லை. நீங்கள் பார்க்காத நேரம் ஒன்று இருக்கிறது: சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்திலிருந்து மூன்று மணித்தியாலம் வரை. சீனி மலை ஏறி இறங்கும் நேரம் அதுதான். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அது இறங்கி வந்த பிறகு அடிவாரத்தில் நின்று அளந்திருக்கிறீர்கள்.

ஆகவே இனிச் சோடி சோடியாகப் பாருங்கள். சாப்பிட முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதிலிருந்து கணக்கிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் என்ன, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். "பிட்டு" என்று எழுதினால் போதாது, "பிட்டு ஒரு குழல், சம்பல், வாழைப்பழம் ஒன்று" என்று எழுதுங்கள். என் சொந்தக் கணக்கில், சாப்பிட முன்னிருந்ததைவிட 50க்குள் ஏறினால் அந்தச் சாப்பாடு எனக்குச் சரி. 80, 100 என்று ஏறினால் அந்தத் தட்டில் ஏதோ மாற்ற வேண்டும்.

என் கொப்பியிலிருந்து ஒரு பக்கம் சொல்கிறேன். ஒரு நாள் காலை 126. வெள்ளை அரிசிமா பிட்டு ஒரு முழுக்குழல், கதலிப்பழம் இரண்டு, சீனி போட்ட பால் தேத்தண்ணி. இரண்டு மணித்தியாலத்தில் 231. இரண்டு நாள் கழித்து 124இல் தொடங்கினேன். பிட்டு அரைக்குழல், சூடை மீன் குழம்பு, முருங்கையிலை வறை ஒரு கை நிறைய, சீனி போடாத பிளேன்டீ. 168. பிட்டை நான் விடவில்லை, பங்கை மாற்றினேன். மூன்றாவது தரம் அதே அரைக்குழல் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு, கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை மான்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறி இறங்கினேன். 149. தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு மலை தேவையில்லை. சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் வயல் வரம்பில் நடந்தாலே போதும்.

குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு பற்றியும் கேட்பீர்கள். நல்ல சாப்பாடுதான். ஆனால் "இது சீனிக்காரருக்கு நல்லது" என்று சொல்லியே இரண்டு மடங்கு சாப்பிடுகிறோம். நெல் விளையும் தம்பலகாமத்தில் இருப்பவரிடம் சோற்றைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. என்றாலும் நான் சொல்வதைவிட உங்கள் மீற்றர் சொன்னால் நம்புவீர்கள். ஒரு நாள் வழக்கமான சோறு, இன்னொரு நாள் அதில் பாதிச் சோறும் பருப்பு, கீரை, மீன் கூடுதலாகவும். இரண்டு நாளும் சோடி எடுங்கள். பனங்கட்டி கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பது சீனி போடாததற்குச் சமன் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான். கந்தளாய்ச் சீனி ஆலையை மூடி எவ்வளவோ காலம், சீனி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இப்படிப் பார்த்தால் ஸ்ட்ரிப்பும் மிஞ்சும். மகன் அனுப்பிய பெட்டி முடிந்தால் அதே வகை இங்கே பார்மசியில் கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள், ஒரு மீற்றருக்கு இன்னொன்றின் ஸ்ட்ரிப் பொருந்தாது. மெற்போமின் மட்டும் போடுகிறவருக்கு ஒரு நாளைக்கு ஏழு தரம் குத்த ஒரு காரணமும் இல்லை. இந்தக் கிழமை காலைச் சாப்பாட்டுக்கு மூன்று சோடி, அடுத்த கிழமை மத்தியானத்துக்கு மூன்று சோடி, அதற்கடுத்தது இரவுக்கு. அதோடு கிழமையில் இரண்டு நாள் வெறும் வயிற்றில். கிழமைக்கு எட்டு ஸ்ட்ரிப். ஒரு தனி அளவு 210 என்று வந்தால் கையைக் கழுவி ஒருக்கால் திரும்பப் பாருங்கள், எழுதுங்கள், வேலையைப் பாருங்கள். அதே நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து வந்தால்தான் அது செய்தி. மீற்றர் காட்டுவதைப் பார்த்துக் குளிசையின் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

குறைந்துபோவது பற்றி. 70க்குக் கீழே போனால் அது தாழ்வு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வரும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. ஆனால் பிறகு இன்சுலினைக் கூடச் சுரக்க வைக்கும் கிளிக்கிளசைட் அல்லது கிளிபென்கிளமைட் குளிசை சேர்த்தாலோ இன்சுலின் போட்டாலோ கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடியும் குடியுங்கள். ஏறிய பிறகு பாணோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு விசித்திரம்: பல மாதம் 200இல் பழகிய உடம்பு 110க்கு வரும்போதே நடுங்கும். புதிதாக மருந்து தொடங்கியவர்கள் இதைத் தாழ்வு என்று நினைத்து இனிப்புச் சாப்பிட்டுவிடுவார்கள். நடுங்கினால் முதலில் குத்திப் பாருங்கள். மீற்றர் உண்மையில் கைகொடுக்கும் இடம் அது.

கந்தசஷ்டி விரதமோ, கிண்ணியா மூதூர்ப் பக்கத்தில் நோன்போ, பிடிக்க முன் டொக்டரிடம் குளிசை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பில் விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் அன்று விடத்தான் வேண்டும்.

காய்ச்சல், புண், பல் வீக்கம் இருந்தால் சாப்பாட்டில் ஒன்றும் மாறாமலே சீனி ஏறும். மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் கொடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்தாலும் ஏறும். 300க்கு மேல் நின்று, அதோடு வாந்தி, தாங்க முடியாத தாகம், மூச்சு வாங்குதல், மயக்கம் எதுவும் சேர்ந்தால் கொப்பியில் எழுதிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எச்பிஏ1சி பற்றி இன்னும் ஒரு வரி. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூடக் காட்டலாம். உங்கள் வயதில் பெண்களுக்கு அது அபூர்வமில்லை. உங்கள் சோடி அளவுகள் நன்றாக இருந்தும் அடுத்த எச்பிஏ1சி குறையவில்லையென்றால் ஹீமோகுளோபின் பார்த்ததா என்று கேளுங்கள்.

கடைசியாகக் கிளினிக் நாள். முந்திய இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல அளவு வாங்கிக்கொண்டு போகிறவர்களை லாப் யன்னலுக்குப் பின்னால் இருந்து எத்தனை பேரைக் கண்டிருப்பேன்! வெறும் வயிற்று அளவை அப்படிக் கொஞ்சம் ஏமாற்றலாம், எச்பிஏ1சியை முடியாது. நீங்கள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். முதல் நாள் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு விடிய பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, பத்து மணிக்கு இரத்தம் கொடுத்தால் பதினைந்து மணித்தியாலம் ஆகிவிடும். எட்டு முதல் பன்னிரண்டுதான் தேவை. ஆகவே முதல் நாள் இரவு பத்து மணி போலச் சாப்பிடுங்கள், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். மீற்றரையும் கொப்பியையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். தாதி கையில் இரத்தம் எடுத்து முடித்தவுடன், அங்கேயே வாங்கில் இருந்து உங்கள் விரலில் ஒன்று பாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் மீற்றர் அளவை 18ஆல் பெருக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15 வீதத்துக்குள் நின்றால் மகனுக்குப் போன் பண்ணி மீற்றர் நல்ல மீற்றர் என்று சொல்லுங்கள். அதைவிடக் கூட வித்தியாசம் என்றால் முதலில் ஸ்ட்ரிப் போத்தலின் திகதியைப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.